மிளகோடு மலைக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், வர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் நானும் எங்கள் வீட்டு நாய் மிளகும் அக்டோபர் மாதம் ஹாக்ஸ்பில் உச்சிக்கு ஏறிய கதையை எழுதியிருந்தேன். இலை உதிரும் பருவத்தில் அந்த மலை எப்படி இருக்கும் என்று சொல்லத்தான் எழுதினேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி நாயைப் பற்றி. சரி, மலை கோபித்துக்கொள்ளாது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவன் இல்லை, வங்கியில் கணக்குப் பார்க்கிறவன். ஒரே நாயோடு ஒரே மலைத்தொடரில் ஒன்பது இலையுதிர் காலம் நடந்திருக்கிறேன். என் தகுதி அவ்வளவுதான்.

எங்கள் லேப்ரடாருக்கு மூன்று வயது. அக்டோபர் மூன்றாம் வாரம் ஓல்ட் ராக் மலைக்குக் கூட்டிப்போவதாக இருக்கிறோம். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? (ரெஸ்டனிலிருந்து ஒரு வாசகர்)

எதை வேண்டுமானாலும் எடுத்துப் போங்கள், நாயைத் தவிர. ஓல்ட் ராக்கில் நாய்க்கு அனுமதி கிடையாது. உச்சிக்குப் பக்கத்தில் ஆளுயரப் பாறைகளுக்கு நடுவே கையை ஊன்றி, வயிற்றைத் தேய்த்து ஏற வேண்டிய இடங்கள் இருக்கின்றன. நாய்க்குத்தான் நாலு கால் இருக்கிறதே என்பீர்கள். அங்கே வேண்டியது கை.

ஆனால் ஷெனன்டோவாவைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவின் பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் நாயை வண்டி நிறுத்துமிடம் தாண்டி நடைபாதைக்குள் விடவே மாட்டார்கள். ஷெனன்டோவா வழியாகவே போகிற அப்பலாச்சியன் நெடும்பாதை தெற்கே கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவுக்குள் போகும்போது அங்கேயும் நாய்க்குத் தடைதான். இங்கே 500 மைலுக்கு மேல் பாதைகள் இருக்கின்றன, அதில் நாய்க்கு மூடியிருப்பது 20 மைல்கூட வராது. வம்பு என்னவென்றால், எல்லோருக்கும் பெயர் தெரிந்த பாதைகள்தான் அந்த 20 மைலுக்குள் வருகின்றன. ஓல்ட் ராக், டார்க் ஹாலோ அருவி, ஸ்டோனி மேன், லிம்பர்லாஸ்ட், பேர்ஃபென்ஸ். போன பிறகு பலகையைப் பார்த்துவிட்டு, நாயை வண்டியில் வைத்துவிட்டுக் குடும்பத்தில் ஒருவர் காவல் காக்கிற காட்சியை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் தடவைக்கு ஹாக்ஸ்பில் போங்கள். பூங்காவிலேயே உயரமான உச்சி, 4,051 அடி. பூங்காவுக்குள் 105 மைல் ஓடுகிற ஸ்கைலைன் டிரைவ் சாலையில் மைல்கல் பார்த்துத்தான் இடம் சொல்வார்கள். மைல்கல் 45.5-ல் கீழ்ப்பாதை, 46.5-ல் மேல்பாதை. கீழ்ப்பாதை தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. மேல்பாதை போக வர 2 மைலுக்குக் கொஞ்சம் கூட, நிதானமாக ஏறும். புது நாய்க்கு மேல்பாதைதான். வார இறுதி என்றால் காலை 8 மணிக்கு முன்னால் தார்ன்டன் கேப் வாசலைத் தாண்டிவிடுங்கள். ‘ஃபால் கலர்’ பார்க்க வருகிற கூட்டத்தில் 10 மணிக்கு மாட்டினால், வளைந்து வளைந்து நகரும் வண்டிக்குள் நாய் வாந்தி எடுத்துவிடும். மிளகு இரண்டு தடவை எடுத்திருக்கிறாள், ஒரு தடவை என் மடியில்.

தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். மலைமுகட்டுப் பாதைகளில் ஓடை இருக்காது. இருக்கிற ஊற்றும் இலையுதிர் காலத்தில் வற்றிக் கிடக்கும். எனக்கு ஒன்றரை லிட்டர், அவளுக்கு ஒரு லிட்டர். மடக்கும் ரப்பர் கிண்ணம் வாங்கினேன், அதன் விளிம்பைக் கடித்துத் தின்றுவிட்டாள். இப்போது அம்மா கொடுத்தனுப்பிய எவர்சில்வர் கிண்ணம் பையில் கிடக்கிறது. டங்கென்று சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் திரும்பிப் பார்ப்பாள். கீழே சமவெளியைவிட மேலே 10 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குளிராக இருக்கும், காற்று வேறு அடிக்கும். உங்கள் லேப்ரடாருக்கு அது பெரிய விஷயமில்லை. மிளகு மாதிரி முடி குட்டையான வேட்டை நாய்க்கு உச்சியில் உட்காரும்போது போர்த்த ஒரு பழைய துண்டாவது வேண்டும்.

எங்கள் நாய் வீட்டில் ஓய்வதே இல்லை. எட்டு மைல் சாதாரணமாக நடக்கும் என்று நினைக்கிறேன். களைத்தால் அது காட்டிக்கொள்ளுமா? (எடிசனிலிருந்து ஒரு வாசகி)

காட்டிக்கொள்ளாது அம்மா. அதுதான் சிக்கலே. நீங்கள் நடக்கிற வரைக்கும் அதுவும் நடக்கும்.

மிளகு வந்த இரண்டாம் வருஷம் மேரிஸ் ராக் ஏறினோம். தார்ன்டன் கேப்பிலிருந்து போக வர நாலு மைலுக்குள்தான், ஆனால் 1,200 அடி ஏற வேண்டும். என்னைவிட முன்னால் ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடி, அவள் மட்டும் இரண்டு மடங்கு நடந்திருப்பாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இழுத்தால் நீள்கிற கயிறு அது. அன்றைக்கு அதுதான் நாகரிகம் என்று நினைத்திருந்தேன். உச்சியில் நன்றாக வாலாட்டினாள். இறங்கும்போது பாதி வழியில், வெயில் விழுந்த ஒரு இலைக்குவியலில் போய்ப் படுத்தாள். மோப்பம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். கயிற்றை லேசாக இழுத்தேன். தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

24 கிலோ. ஊரில் கீதாரிகள் ஆட்டைத் தோளில் போட்டுக்கொள்வது போலக் கழுத்துக்குப் பின்னால் போட்டு, முன்னங்கால் ஒரு கையில், பின்னங்கால் ஒரு கையில். ஒரு மைல் இறங்க ஒன்றேகால் மணி நேரம். எதிரே வந்தவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள். யாருடைய கைப்பேசியிலோ என் முகம் இன்னும் இருக்கும், பார்க்கச் சகிக்காமல்.

அன்றிலிருந்து வாலைவிட நாக்கைப் பார்க்கிறேன். சாதாரணமாக மூச்சிரைக்கும்போது நாக்கு ஒடுங்கித் தொங்கும். உடம்புச் சூடு ஏற ஏற நுனி அகன்று கரண்டி மாதிரி ஆகும். அடுத்தது, முன்னால் போன நாய் உங்களுக்குப் பின்னால் வர ஆரம்பிக்கும். அப்புறம் நீங்கள் நிற்கும்போதெல்லாம் உட்காராமல் நேராகப் படுக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் நான் திரும்பிவிடுவேன், உச்சி இருநூறு அடியில் இருந்தாலும் சரி. இறங்குவதும் நடைதான் என்பதை ஏறும்போது மறந்துவிடுகிறோம். முன்னங்கால் மூட்டுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கடினம்.

எட்டு மைல் என்றீர்கள். இரண்டில் தொடங்கி வாரத்துக்கு ஒரு மைல் கூட்டுங்கள். எட்டுக்கு வரும்போது நவம்பர் வந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். முந்தின நாள் ஆறே காலுக்கு மறைந்த சூரியன் மறுநாள் ஐந்தே காலுக்கு மறையும். நெற்றி விளக்கு ஒன்று பையிலேயே கிடக்கட்டும்.

மலையில் சாப்பிட நாங்கள் கட்டுச்சோறுதான் எடுத்துப் போவோம். நாய்க்கும் அதிலேயே கொடுக்கலாமா? தயிர் சாதம் ஒத்துக்கொள்ளுமா? (கொலம்பஸிலிருந்து ஒரு வாசகி)

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பத்தியை எழுத ஒப்புக்கொண்டேன்.

நாலு வருஷம் முன்னால், நண்பர் குடும்பத்தோடு ஹாக்ஸ்பில் உச்சியில் கல் மேடைமேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம். யாரோ ‘எல்லோரும் இந்தப் பக்கம் பாருங்க’ என்று சொன்ன அந்தப் பத்து விநாடியில், அலுமினியத் தாளில் சுற்றி வைத்திருந்த புளியோதரைப் பொட்டலம் ஒன்றை மிளகு பிரித்துத் தின்றுவிட்டாள். இரண்டு கைப்பிடி இருக்கும். மூக்கின்மேல் ஒரு காய்ந்த மிளகாய் ஒட்டியிருந்தது. நாங்கள் சிரித்தோம். ‘காரம் தெரியட்டும்’ என்று நானே சொன்னேன்.

நண்பரின் மகள் கால்நடைச் செவிலியர் படிப்பு படிக்கிறாள். அவள் சிரிக்கவில்லை. ‘மாமா, அதில் நிஜப் புளியா, பவுடரா?’ என்று கேட்டாள். ஊர்ப்புளி, என் மனைவி கெட்டியாகக் காய்ச்சினது. ‘கிளம்புங்க’ என்றாள்.

விஷயம் இதுதான். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ரொம்ப நாளாகத் தெரியும். எதனால் என்றுதான் பிடிபடாமல் இருந்தது. சமையலுக்குப் பயன்படும் கிரீம் ஆஃப் டார்டார் தூளைத் தின்ற நாய்களுக்கும், புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகம் கெட்டதைப் பார்த்த பிறகுதான், மூன்றிலும் பொதுவாக இருக்கிற டார்டாரிக் அமிலத்தின்மேல் மருத்துவர்களுக்குச் சந்தேகம் வந்தது. பழங்களில் அந்த அமிலம் மிக அதிகமாக இருப்பவற்றில் நம் புளியும் ஒன்று. எல்லா நாய்க்கும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. ஒன்று தின்றுவிட்டுத் தூங்கும், ஒன்று மூன்றாம் நாள் சிறுநீர் போவதை நிறுத்தும். எவ்வளவு வரை பரவாயில்லை என்று அளவு சொல்ல வழியில்லாததால், கொஞ்சம்கூடக் கூடாது என்று வைத்துக்கொள்வதுதான் நமக்குச் சரி.

ஸ்கைலைன் டிரைவில் பாதி தூரம் கைப்பேசி எடுக்காது. கீழே இறங்கி, 24 மணி நேரமும் திறந்திருக்கும் ஒரு விலங்கு மருத்துவமனையில் சேர்த்தபோது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. வாந்தி எடுக்க ஊசி போட்டார்கள். வேர்க்கடலை, கடலைப்பருப்பு, கறிவேப்பிலை என்று தாளித்த வரிசையிலேயே வெளியே வந்தது. அப்புறம் இரண்டு இரவு நரம்பில் திரவம் ஏற்றி, ரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் தப்பித்தது. பில் எவ்வளவு என்று மனைவிக்கு இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. இந்த இதழை வீட்டில் ஒளித்து வைக்க வேண்டும்.

ஆகவே அம்மா, புளியோதரை, வத்தக்குழம்புச் சோறு எல்லாம் உங்களுக்கு மட்டும். வெங்காயம் சேர்ந்த எதுவும் கூடாது. தயிர் சாதம் கொடுக்கலாம், பால் பொருள் ஒத்துக்கொள்கிற நாயாக இருந்தால். ஆனால் அதற்குத் தனியாகப் பிசைய வேண்டும், உப்பு, மிளகாய், தாளிப்பு இல்லாமல். கல்யாணத் தயிர் சாதம் மாதிரி மேலே திராட்சை தூவுகிற வீடு என்றால் நாயின் டப்பாவை வேறு பையில் வையுங்கள். கிஸ்மிஸும் சாக்லேட்டும் கலந்த நட்ஸ் பாக்கெட்டுக்கும், ஸைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா சூயிங்கத்துக்கும் இதே சட்டம்தான்.

கூட்டம் இல்லாத பாதையில் கயிற்றை அவிழ்த்து விட்டால் என்ன தப்பு? பாவம், வருஷத்தில் ஒரு நாள்தான் காட்டைப் பார்க்கிறது. (ஹெர்ன்டனிலிருந்து ஒரு வாசகர்)

சட்டப்படி ஆறு அடிக்கு மேல் கயிறு நீளக்கூடாது. அதோடு விட்டால் நீங்கள் கேட்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

அக்டோபரில் கருங்கரடிகள் ஓக் மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் கொட்டைகளைத் தின்று குளிர்காலத்துக்குக் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கும். மனிதனைப் பார்த்தால் பெரும்பாலும் விலகிப் போகிற கரடி, குரைத்துக்கொண்டு ஓடிவரும் நாயைத் துரத்தும். துரத்தப்பட்ட நாய் எங்கே ஓடும்? உங்களிடம்தான்.

கரடி வேண்டாம், சின்னதாக ஒன்று சொல்கிறேன். ஷெனன்டோவா சாலமாண்டர் என்று விரல் நீளத்துக்கு ஒரு ஈரப் பிராணி. உலகத்திலேயே இந்தப் பூங்காவின் மூன்று மலைகளில்தான் அது இருக்கிறது. ஹாக்ஸ்பில் அதில் ஒன்று. உச்சிக்குப் பக்கத்தில் ஈரமான பாறைச் சரிவுகளில், கல்லுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மோப்பம் பிடித்த நாய் முதலில் செய்கிற வேலை, கல்லுக்கு அடியில் தோண்டுவது. அவிழ்த்து விடுகிற ஆசை வந்தால், வேலி போட்ட நாய் மைதானம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்கிறார்களே, அது ஏற்றத்துக்குச் சுகம். இறக்கத்தில் கையில் பிடியுங்கள். மான் ஒன்று குறுக்கே ஓடினால் நீங்களும் ஓடுவீர்கள், மார்பால்.

இலை மூடிய பாதையில் நாய்க்குக் காலணி போட வேண்டுமா? (சார்லட்டிலிருந்து ஒரு வாசகர்)

நான் நாலு காலணி வாங்கினேன். மூன்று வீட்டில் இருக்கிறது. ஒன்று ஒயிட்டோக் கேன்யன் பாதையில் எங்கோ இலைக்கு அடியில். காலணி போட்ட மிளகு நீச்சல் தெரியாதவர் தண்ணீரில் நடப்பது போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள்.

வேண்டியது நகம் வெட்டுவதுதான், போவதற்கு ஒரு வாரம் முன்னால். இலைக்கு அடியில் கல் இடுக்கும் வேர் வளையமும் கண்ணுக்குத் தெரியாது. நீண்ட நகம் அதில் மாட்டிப் பிய்ந்துவிடும். முன்னங்காலின் உள்பக்கம் தரையில் படாமல் தொங்குகிற கட்டை நகம் இன்னும் மோசம். ஒட்டும் கட்டுத்துணி ஒரு சுருள் பையில் இருந்தால் வீடு வரை வரலாம். மழை பெய்த மறுநாள் ஓக் இலை வழுக்குகிற மாதிரி வாழைப்பழத் தோல்கூட வழுக்காது. அருவிப் பாதைகளை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

குளிர் வந்துவிட்டால் உண்ணித் தொல்லை போய்விடும்தானே? (ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஒரு வாசகி)

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். லைம் நோயைப் பரப்புகிற கருங்கால் உண்ணி வளர்ந்த பருவத்தில் சுறுசுறுப்பாகத் திரிவதே அக்டோபர், நவம்பரில்தான். உறைநிலைக்கு மேலே வெயில் அடிக்கிற நாளெல்லாம் அதற்கு வேலை நாள். உண்ணி மருந்தைக் கோடையோடு நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் நான் தடவிப் பார்க்கிற வரிசை இது: காது மடலுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், விரல் இடுக்கு, கடைசியாக வாலுக்கு அடியில். எள்ளு மாதிரி ஒன்று தட்டுப்படும். கூர்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். ஊரில் மண்ணெண்ணெய் தொட்டு வைப்பார்கள், தீக்குச்சி காட்டுவார்கள். இரண்டும் வேண்டாம். லைம் கிருமி நாய்க்குள் போக உண்ணி ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அன்றைக்கு ராத்திரியே எடுத்தால் பெரும்பாலும் தப்பித்தோம்.

நாய்க்கு ஆரஞ்சு மேல்சட்டை எதற்கு? அழகுக்கா? (ரிச்மண்டிலிருந்து ஒரு மாணவர்)

இல்லை தம்பி, உயிருக்கு. தேசியப் பூங்காவுக்குள் வேட்டைக்குத் தடை. பக்கத்திலேயே இருக்கிற ஜார்ஜ் வாஷிங்டன் தேசியக் காட்டில் வேட்டை உண்டு. நவம்பர் நடுவில் மானைத் துப்பாக்கியால் சுடுகிற பருவம் தொடங்கும். பழுப்பு நிறத்தில், புதருக்குள் அசைகிற நாலு கால் எதுவானாலும் தூரத்தில் மான்தான். நீயும் போட்டுக்கொள். ஆரஞ்சு பிடிக்காவிட்டால் பளீர் இளஞ்சிவப்பும் வர்ஜீனியாவில் செல்லும், வேட்டைக்காரர்களுக்கே அந்த நிறத்தை அனுமதித்திருக்கிறார்கள்.

ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். அவரையும் நாயையும் சேர்த்துக் கூட்டிப்போக ஏற்ற பாதை எது? (ஆஷ்பர்னிலிருந்து ஒரு வாசகி)

மாமியார் நடக்கச் சுலபமான லிம்பர்லாஸ்டில் நாய்க்கு அனுமதி இல்லை. நாய்க்கு அனுமதி இருக்கிற இடத்தில் மாமியார் நடக்க மாட்டார். ஸ்கைலைன் டிரைவில் எழுபது வாக்கில் காட்சி முனைகள் இருக்கின்றன. நாலைந்தில் நிறுத்துங்கள், ஃபிளாஸ்கில் காபி எடுத்துக்கொள்ளுங்கள். நாயைப் பின்சீட்டில் யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்பதை உங்கள் வீட்டுக்காரர் முடிவு செய்யட்டும்.

நாங்கள் இங்கே ஐப்பசியில் வால்பாறைப் பக்கம் நாயோடு நடக்கலாமா? (கோவையிலிருந்து ஒரு வாசகர்)

ஐப்பசி அங்கே அடைமழை. அட்டை நாயின் மூக்குக்குள்ளேயே புகுந்து ஒட்டிக்கொள்ளும். அதைவிட முக்கியம், சிறுத்தைக்கு நாய் விருப்ப உணவு. உங்களோடு நடந்தாலும் அது நாய்தான். புலிகள் காப்பகத்துக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் வளர்ப்பு நாயை விடவும் மாட்டார்கள். நம் நாயிடமிருந்து டிஸ்டெம்பர் மாதிரி நோய் செந்நாய்க்கும் புலிக்கும் போகக்கூடும் என்பதால் அது நியாயமான தடைதான். தை மாசம், தெரிந்தவர் தோட்டத்துக்குள், பகலில். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிளகுக்கு இப்போது என்ன வயது? இன்னும் ஏறுகிறாளா? (பெயர் போடாத ஒரு வாசகி)

பதினொன்று. நாய்கள் காப்பகத்திலிருந்து எடுக்கும்போது இரண்டு வயது, பெப்பர் என்று பெயர் வைத்திருந்தார்கள், நாங்கள் மொழிபெயர்த்துக்கொண்டோம். வேட்டைப் பருவம் முடிந்ததும் யாரோ காட்டிலேயே விட்டுவிட்டுப் போன கூன்ஹவுண்டுக் கலப்பு. முகம் முழுக்க நரைத்துவிட்டது.

போன அக்டோபரில் ஹாக்ஸ்பில் மேல்பாதையில், உச்சிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது பாதை ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். நாக்கு கரண்டி மாதிரி ஆகவில்லை, மூச்சும் வாங்கவில்லை. சும்மா உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினேன், அவளுடைய உப்பில்லாத தயிர் சாதத்தை அவளும் என் புளியோதரையை நானும், கைக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்துச் சாப்பிட்டோம். அப்புறம் இறங்கிவிட்டோம்.